ரப்பர் பேண்ட் தடம்

“அன்னிக்கே ஒழுங்கா பத்திரப்படுத்தி வெச்சிருந்தா…” விளையாட்டு வீரர் படக் கார்டு, போக்கிமான் கார்டு என்று சேர்க்கிற நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. தரையில் அடித்து விளையாடினோம், கால்சட்டைப் பையில் திணித்தோம், சைக்கிள் சக்கரக் கம்பியில் சொருகிப் படபடவென்று சத்தம் எழுப்பினோம், இன்றைக்கு அதே கார்டை ஏலத்தில் யாரோ கொண்டுபோகிறார்கள் என்று ஒரு பெருமூச்சு. கேட்கிறவரும் தலையாட்டுவார். இந்தப் பெருமூச்சில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது என்ற எண்ணம் வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழைய பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு கார்டாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளையாட்டில் பட்ட அடி ஒரு மாதிரி இருக்கும். பத்திரம் என்று எடுத்து வைத்ததில் பட்ட அடி வேறு மாதிரி இருக்கும். இரண்டில் மோசமானது இரண்டாவதுதான்.

விளையாடிய கார்டு தேயும். மூலைகள் மெல்ல உருளும், ஓரத்தில் மை உதிர்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கும், பளபளப்பின் மேல் முடி போலக் கீறல்கள் விழும். ஆனாலும் படம் படமாகவே இருக்கும், பின்பக்கத்தை வாசிக்கலாம். எடுத்து வைத்துக் கெட்ட கார்டு அப்படியில்லை. ஓரத்தின் நடுவே ரப்பர் பேண்ட் வெட்டிய பள்ளம், பிளாஸ்டிக் தாளோடு ஒட்டி முகம் உரிந்த இடம், பைண்டரின் வளையம் அழுத்திய பிறை வடிவத் தழும்பு, திருகு வைத்த கண்ணாடிச் சட்டத்துக்குள் நசுங்கிச் சப்பையாகிப்போன மூலை. இவற்றில் ஒன்றைக்கூட முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இதற்கு ஊரறிந்த சாட்சி, டாப்ஸ் நிறுவனம் 1952-ல் அமெரிக்காவில் வெளியிட்ட பேஸ்பால் செட். மொத்தம் 407 கார்டு. 1-ஆம் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அந்தச் செட்டின் பெரிய பெயர்கள் வேறு. இருந்தும் மூலை மழுங்காத பாஃப்கோ கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்துவிட்டால் அதற்கு நடக்கும் போட்டியே தனி. காரணம் இதுதான்: ஒழுங்கான பிள்ளைகள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்கள். அடுக்கின் உச்சியில் பாஃப்கோ உட்கார்ந்திருந்தார். பேண்டின் அழுத்தம், மேசை டிராயரின் உராய்வு எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அடியில் இருந்த 407-ஆம் எண் எடி மாத்யூஸுக்கும் அதே கதி. கார்டுகளைக் கலைத்துக் கண்டபடி போட்டு வைத்த பிள்ளையிடம் பாஃப்கோ தப்பித்திருப்பார்.

ரப்பர் பேண்ட் ஏன் வந்தது? கையில் எடுத்துப்போக. எடுத்துப்போவது எதற்கு? மாற்றிக்கொள்ள. மாற்றிக்கொள்ளாமல் எந்தப் பிள்ளையாலும் ஒரு செட்டை முடிக்க முடியாது. 100 கார்டு கொண்ட ஒரு செட், எல்லாமே சம எண்ணிக்கையில் அச்சானது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத பாக்கெட் மட்டும் வாங்கியே அதை முடிக்கச் சராசரியாக 519 கார்டு பிரிக்க வேண்டும். முதல் 50 வெவ்வேறு கார்டு 69 பிரித்ததிலேயே வந்துவிடும், அதனால்தான் ஆரம்பத்தில் ஒரே குஷி. கடைசிப் பத்துக்கு மட்டும் 293 பிரிக்க வேண்டும். அந்தப் பத்திலும் கடைசி ஒன்றுக்கே 100. முடிவில் கையில் 419 டூப்ளிகேட் நிற்கும். அபூர்வ கார்டுகளைக் குறைவாக அச்சடிக்கிற செட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே டூப்ளிகேட் கட்டு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், கட்டைவிரலால் தள்ளித் தள்ளி “இருக்கு… இருக்கு… இருக்கு… இது இல்ல!” பெரியவர்களான பிறகு நேராகத் தனிக்கார்டாக வாங்கி இந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறோம். டூப்ளிகேட் இல்லை, அதனால் மாற்றிக்கொள்ள ஆளும் இல்லை.

இன்னொரு பிழை, விலை சம்பந்தப்பட்டது. அதே 1952 செட்டின் 311 முதல் 407 வரையிலான எண்கள் பருவத்தின் கடைசியில் வந்தன, சரியாக விற்கவில்லை. மிச்சப் பெட்டிகளை 1960-ல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கர் சொல்லியிருக்கிறார். 311-ஆம் எண்தான் மிக்கி மேன்டில், அதில் ஒரு பிரதி 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. இதற்கு நேர் எதிர், 1980-களின் பின்பாதியும் 1990-களின் தொடக்கமும். கார்டு ஒருநாள் காசாகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் பெட்டி பெட்டியாக வாங்கி, தொடாமல் அடுக்கினார்கள். கம்பெனிகளும் அதற்கேற்றபடி அச்சடித்துத் தள்ளின. அந்தக் காலத்துக்கே ‘ஜங்க் வாக்ஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது, அதாவது மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை. நாம் எல்லோருமே ஒழுங்காகப் பத்திரப்படுத்தியிருந்தால் நம் கார்டுக்கும் இதே கதிதான். நாம் தொலைத்ததும் தேய்த்ததும்தான் அடுத்தவர் கார்டுக்கு விலை.

பெட்டியைத் திறக்கிற முதல் மணி நேரம்

இருபது வருடம் மூடிக் கிடந்த பெட்டிக்கு மிக ஆபத்தான நேரம், அதைத் திறந்த முதல் ஒரு மணி நேரம். ஆசை, அவசரம், அதோடு “கொஞ்சம் துடைத்துப் பார்ப்போமே” என்கிற கை. பரணிலோ கட்டிலுக்கடியிலோ இருந்து இறக்கிய பெட்டியை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க, மூடியபடியே, வேலை செய்யப் போகும் அறையில் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் அட்டை அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெல்லப் பழகட்டும். காய்ந்து போன அட்டை திடீரென்று ஈரக்காற்றைக் கண்டால் வளையும், குளிர்ந்து கிடந்த கார்டின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் மேசையைத் துடைத்து, மென்மையான துணி ஒன்றை விரித்து, குடிக்கிற எதையும் அந்த மேசையில் வைக்காமல் உட்காருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விட வேண்டும். கழுவிய கையில் கிரீம் எதுவும் வேண்டாம். துணிக் கையுறை தேவையில்லை. அது வழுக்கும், மூலையில் மாட்டும், விரலுக்குத் தெரிய வேண்டியதைத் தெரியவிடாது.

எதையும் எடுப்பதற்கு முன்னால் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எது எதன்மேல் இருந்தது, எந்தக் கட்டு தனியாக இருந்தது என்பது பிறகு உதவும். சிறு பிள்ளை தனியாகக் கட்டி வைத்ததற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

ரப்பர் பேண்டை இழுத்துக் கழற்றக் கூடாது. பழைய ரப்பர் இரண்டில் ஒரு நிலையில் இருக்கும்: பிசின் போல் இளகியிருக்கும், அல்லது காய்ந்து நூடுல்ஸ் போல் நொறுங்கும். இரண்டிலுமே இழுப்பு ஓரத்தில்தான் விழும், ஓரம்தான் கார்டின் பலவீனமான இடம். மழுங்கிய நுனியுள்ள கத்தரிக்கோலைக் கார்டின் முகத்துக்கு மேலே, நடுவில், படுக்கை வாக்கில் நுழைத்து வெட்டுங்கள். வெட்டியபின் இரண்டு பக்கமும் தானாகத் தளரும். ஒட்டிக்கொண்ட துணுக்கை நகத்தால் சுரண்ட வேண்டாம். இளகிய பிசினாக இருந்தால் காற்றில் விட்டுவிடுங்கள், தானே உதிர்வது உதிரட்டும். கட்டின் மேல் இரண்டு மூன்றும் அடியில் இரண்டு மூன்றும் பள்ளம் வாங்கியிருக்கும். நடுவில் இருப்பவை பல நேரம் அச்சகத்தில் இருந்து வந்த மாதிரியே இருக்கும், அவசரப்பட்டு மொத்தக் கட்டையும் கைவிட்டுவிடாதீர்கள்.

1990-களின் பளபளப்புப் பூச்சுக் கார்டுகள் வேறொரு வம்பு. ஈரமும் அழுத்தமும் சேர்ந்து ஐம்பது கார்டும் ஒரே செங்கல்லாகிவிடும். அந்தக் கட்டைப் பிரிக்க முனைவதில்தான் நிறையக் கார்டு சாகிறது. நகத்தையோ பிளேடையோ இடையில் விடாதீர்கள். கட்டை இரு கையாலும் நீளவாக்கில் பிடித்து, ஒரு பக்கம் மிக லேசாக வளைத்து, பிறகு மறுபக்கம் வளையுங்கள். சீட்டுக்கட்டு பிரிவது போல ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்ட இடத்தில் மட்டும் பிரியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் காற்றுப் புகாத பையில் போட்டுச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும். இல்லையென்றால் நீர் கோத்து முன்பைவிட நன்றாக ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒரு கார்டின் முகத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அந்த ஜோடி ஜோடியாகவே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் தாளில் இருந்து ஒரு கார்டை மீட்பது

ஒன்பது பை வைத்த பழைய ஆல்பத் தாள்கள்தான் அந்தக் காலத்தில் கௌரவமான பாதுகாப்பு. அவற்றில் பல மென்மையான பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்க அதில் கலந்த மென்மையூட்டி எண்ணெய், வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியே வரும். பக்கத்தைத் திறந்ததும் புது மழைக்கோட்டு வாசம் வந்தால் சந்தேகமே வேண்டாம். தாள் மஞ்சளித்து நெளிந்திருக்கும், விரலில் பிசுபிசுக்கும், கார்டின் முகம் பிளாஸ்டிக்கோடு ஒட்டி ஈரத்திட்டு போலத் தெரியும். வாசத்தில் முடிவு செய்ய முடியாவிட்டால் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. செம்புக் கம்பியின் நுனியைச் சுடரில் காட்டி, சுடரில் நிறம் எதுவும் வராத வரை சுட்டு, காலித் தாளின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. புகை உடம்புக்கு ஆகாது. வெளியில் வைத்து, மிகக் கொஞ்சமாகத் தொட்டு, கார்டுகளைத் தூர வைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இப்போது அந்தக் கார்டு. பையின் வாய் வழியாக மேலே இழுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது, முகம் உரிவதும் அப்போதுதான். தாளைத் தியாகம் செய்துவிடுங்கள். மழுங்கிய கத்தரிக்கோலால், கார்டின் ஓரத்தில் இருந்து 2–3 மி.மீ. தள்ளி, பக்கவாட்டுத் தையலையும் அடித் தையலையும் வெட்டினால் பை புத்தகம் மாதிரித் திறக்கும். முதலில் பின்பக்கத் தாளை விலக்குங்கள், அது பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும். பிறகு கார்டை முகம் மேலாக மேசையில் படுக்க வைத்து, ஒரு விரலால் லேசாக அழுத்திப் பிடித்து, முன்பக்கத் தாளை ஒரு மூலையில் இருந்து அதன்மேலேயே மடித்தாற்போல் பின்னோக்கி உரியுங்கள். மேல்நோக்கித் தூக்காமல் படுக்கையாக இழுக்க வேண்டும். பிளாஸ்டிக்கைத்தான் கார்டில் இருந்து எடுக்கிறோம், கார்டைப் பிளாஸ்டிக்கில் இருந்து எடுக்கவில்லை. வளைவதெல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும். உரிந்த பிளாஸ்டிக்கில் மையின் சாயல் தெரிந்தால் அங்கேயே நின்று, எதிர் மூலையில் இருந்து முயலுங்கள். அங்கும் மை வந்தால் மிச்சத்தை அப்படியே கத்தரித்து, ஒட்டிய துண்டோடு விட்டுவிடுங்கள். மீட்ட கார்டின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். அமிலமற்ற வெள்ளைத் தாள்கள் இரண்டுக்கு நடுவில், பாரம் வைக்காமல், சில நாள் வைத்துத் தாளை மாற்றிக்கொண்டே வந்தால் கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது. ஸ்பிரிட், தண்ணீர், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது.

இங்கேதான் சேகரிப்பவர் இரண்டு வழியில் ஒன்றில் போகிறார். கறையைப் பார்த்ததும் கை பரபரக்கும். துடைக்கலாமா, அழுத்தி நிமிர்த்தலாமா, உருண்ட மூலையைக் கொஞ்சம் நறுக்கிச் சரிசெய்யலாமா? என்னைக் கேட்டால் அனுமதி இரண்டே காரியத்துக்குத்தான். பளபளப்பான முகத்தில் உள்ள தூசியைக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தட்டி எடுக்கலாம். மெழுகுத்தாள் பாக்கெட்டில் இருந்து வந்த மெழுகுத் திட்டை, பூச்சுள்ள முகப்பக்கத்தில் மட்டும், பழைய நைலான் காலுறையால் மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம். பின்பக்கம் பூச்சில்லாத அட்டை என்றால் மெழுகு ஊறிப்போயிருக்கும், அதை விட்டுவிட வேண்டியதுதான். இதற்கு மேல் செய்கிற எதுவும் ‘மாற்றப்பட்ட கார்டு’ என்ற கணக்கில் சேரும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டோடு வந்த டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கார்டு ஒன்று, கார்டின் நிலையைப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-ல் தரம் பார்த்த முதல் கார்டு. 8 வாங்கியது. அதன் ஓரங்களை நறுக்கியது தானே என்று, அதை விற்ற ஏலக்காரர் 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நறுக்கியதைக் கண்டுபிடிக்க அதே செட்டின் சாதாரணக் கார்டு ஐந்தாறை அதனோடு சேர்த்துத் தட்டி அடுக்கி, நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். அது மட்டும் உள்வாங்கியிருக்கிறதா, அதன் ஓரம் மட்டும் வயதுக்குப் பொருந்தாமல் கூர்மையாக இருக்கிறதா? பழைய அச்சகங்களில் வெட்டு சீராக இராது என்பதால் அளவு குறைந்தது மட்டுமே குற்றமாகாது. ஓரம் நூல் பிடித்தாற்போல் இல்லாமல் லேசாக அலைந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

கையில் இருப்பது எது

பெட்டியில் இருந்து வருவதில் நிறையப் பேருக்கு போக்கிமான்தான் இருக்கும். ஆங்கிலத்தில் 1999 ஜனவரியில் வந்த முதல் செட், 102 கார்டு. முதல் பதிப்பு முத்திரை, படத்தின் கீழே இடப்பக்கம் சின்ன வட்டமாக இருக்கும். முத்திரை இல்லாவிட்டாலும் படச்சட்டத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிழல் இல்லையென்றால் அது ‘ஷேடோலெஸ்’, முன்னால் வந்த அச்சு. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் அடியில் உள்ள பதிப்புரிமை வரிதான் நல்ல சாட்சி. நின்டெண்டோ பெயருக்கு முன்னால் ‘1995, 96, 98, 99’ என்று இருந்தால் நிழலில்லாத அச்சு, ‘1995, 96, 98’ என்று முடிந்தால் பிறகு ஏராளமாக வந்தது. மச்சாம்ப் என்ற கார்டு மட்டும் விதிவிலக்கு. இருவர் ஆடும் தொடக்கப் பெட்டியில் வந்த மச்சாம்ப் எல்லாவற்றிலும் முதல் பதிப்பு முத்திரை இருக்கும். “என்கிட்ட முதல் பதிப்பு இருக்கு” என்று துள்ளுகிறவர்களில் எத்தனையோ பேர் கையில் இருப்பது இந்த மச்சாம்ப்தான். மேஜிக் என்ற கார்டு ஆட்டத்தின் ‘ஆல்ஃபா’ எனப்படும் 1993 முதல் அச்சுக்கு மூலைதான் அடையாளம், பின்னால் வந்த எல்லாவற்றையும்விட அதிகம் உருண்டிருக்கும்.

போலியா என்று பார்க்க 10 மடங்கில் இருந்து 30 மடங்கு வரை பெருக்கும் கைலென்ஸ் போதும். அசல் அச்சில் படம் முழுக்க வண்ணப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்களாகக் கோத்திருக்கும், கறுப்பு எழுத்து மட்டும் புள்ளி இல்லாமல் ஒரே கறுப்பாக, ஓரம் நறுக்கென்று நிற்கும். ஸ்கேன் செய்து எடுத்த போலியில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். ஆட்டக் கார்டுகள் பலவற்றின் நடுவில் ஒளி ஊடுருவாதபடி கருமையான ஒரு படலம் உண்டு. பின்னால் டார்ச் அடித்து, அதே செட்டின் நிச்சயமான ஒரு சாதாரணக் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டை இரண்டாக வளைத்துப் பார்க்கும் ‘சோதனை’யை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் தேறினாலும் கார்டு நஷ்டம்தான்.

இனி வைக்கிற விதம்

உறை வாங்கும்போது அளவு பார்க்க வேண்டும். இன்றைய பொது அளவு 63.5 × 88.9 மி.மீ. டாப்ஸ் 1957-ல் இதற்கு வந்து நின்றது. இதற்கு 66 × 91 மி.மீ. உறை. யூ-கி-ஓ கார்டு 59 × 86 மி.மீ. என்பதால் அதற்கு 62 × 89 மி.மீ. உறை. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகள் பெரியவை. அவற்றைப் பொது உறையில் திணிக்கப் போய் மூலையை மடித்தவர்கள் நிறைய. டி206 மாதிரிச் சின்னக் கார்டைப் பெரிய உறையில் போட்டால் அது உள்ளே ஓடி ஓடி மூலையில் இடித்துக்கொள்ளும். உறை பாலிபுரொபைலீனாக இருக்கட்டும். உறையின் பக்கங்களை லேசாக அமுக்கினால் வாய் திறக்கும், கார்டை ஒரு மூலை முதலாகச் சாய்த்து விட்டால் ஓரம் மாட்டாது. மேல்வாய் திறந்த கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளான டாப்லோடர்களும் பெரும்பாலும் பி.வி.சி.தான், ஆனால் அதில் மென்மையூட்டி மிகக் குறைவு. இருந்தாலும் உறை போட்ட பிறகே அதற்குள் விட வேண்டும். டாப்லோடரின் தடிமனைப் பாயின்டில் சொல்வார்கள், 1 பாயின்ட் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட், ஜெர்சித் துணி பதித்த தடிக் கார்டுக்கு 130 பாயின்ட். தடிக் கார்டை 35-க்குள் அழுத்தினால் நசுங்கும், மெல்லிய கார்டு 130-க்குள் ஆடும்.

பைண்டர் என்றால் வட்ட வளையம் வேண்டாம். மூடும்போது முதுகுப் பக்கக் கார்டுகளின் மேல் வளையம் ஏறி உட்காரும், மேலே சொன்ன பிறைத் தழும்பு அப்படி வருவதுதான். ‘டி’ வடிவ வளையமோ வளையமே இல்லாத தைத்த பைண்டரோ பரவாயில்லை. மூடி தானாகப் படிய வேண்டும், அழுத்தி மூட வேண்டியிருந்தால் பக்கம் அதிகம். பெட்டியில் வைப்பதென்றால் கார்டுகளைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, மிச்ச இடத்தை ஸ்பாஞ்சால் அடைத்துவிடுங்கள், சாயாமல் இருக்கும்.

ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், சூடு 20 டிகிரியை ஒட்டி. மின்னும் ஃபாயில் கார்டு வளைவதற்குக் காரணம், முகத்தில் உள்ள உலோகப் படலம் ஈரம் குடிக்காது, பின்னால் உள்ள காகிதம் குடிக்கும் என்பதே. காற்றில் ஈரம் கூடினால் பின்பக்கம் விரிந்து, முகம் உள்நோக்கிக் கிண்ணமாகக் குழியும். காற்று காய்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும். எல்லோரும் உடனே சிலிகா ஜெல் பொட்டலத்தைத் தேடுகிறார்கள். அதற்கு உலர்த்த மட்டுமே தெரியும், நிறுத்தத் தெரியாது. சின்னப் பெட்டியில் இரண்டு பொட்டலம் போட்டுவிட்டால் கார்டு மறுபக்கம் வளைந்து நிற்கும். ஈரத்தைத் தரவும் எடுக்கவும் செய்கிற 49 சதவீதப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. காற்றுப் புகாத டப்பாவில் கார்டோடு அதைப் போட்டு ஒரு வாரம் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். தடிப் புத்தகத்துக்கு அடியில் வைப்பது பயனில்லை, எடுத்த மறுநாள் பழையபடி வளையும். வெயில் படுகிற சுவரில் மாட்டி வைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், மிஞ்சுவது நீலம் பாரித்த முகம்.

தரம் பார்க்க அனுப்புவதற்கு முன் ஸ்கேலை எடுத்து நீங்களே பாருங்கள். இடது ஓரம் 1.8 மி.மீ., வலது 2.2 மி.மீ. என்றால் மையம் 45/55. மேல், கீழ், பின்பக்கம் என்று எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பிறகு கார்டைக் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து விளக்கொளியில் மெல்லச் சாய்த்தால் நேரே பார்க்கையில் தெரியாத குழிவும் கோடும் எழுந்து வரும். இந்தச் சோதனையில் தேறாததை அனுப்புவது வீண். 2021-ல் பெட்டி பெட்டியாக வந்து குவிந்ததில் பி.எஸ்.ஏ. புதிதாக வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்தக் குவியலில் பெரும்பகுதி வீட்டிலேயே கழிக்கப்பட்டிருக்க வேண்டிய கார்டுகள் என்பது என் சந்தேகம். தபாலில் அனுப்பும்போது டாப்லோடரின் வாயைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டாதீர்கள். சுலபமாக உரிந்து வரும் பெயின்டர் டேப் வேண்டும், அதன் ஒரு முனையை மடித்துப் பிடி விட்டு ஒட்டினால் வாங்குகிறவர் பிளேடைத் தேட மாட்டார். கார்டு டேப்பில் ஒட்டிக் கிழிவது பெரும்பாலும் பயணத்தில் நடப்பதில்லை, பிரிக்கிறபோதுதான்.

பின்பக்கத்தில் கோணல்மாணலான எழுத்தில் பெயர் எழுதிய கார்டுகளும், செட்டில் உள்ள கார்டுகளின் எண்களைப் பட்டியலிட்டு, கட்டம் கட்டமாக டிக் போட்ட பட்டியல் கார்டுகளும் கடைசியில் மிஞ்சும். தரம் பார்க்கிறவர்கள் இவற்றுக்கு ‘குறியிடப்பட்டது’ என்று தனி எழுத்தே போடுகிறார்கள். டிக் படாத பழைய பட்டியல் கார்டு, நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டைவிட அரிதாக இருக்கிற செட்டுகளும் உண்டு. பேனா மையை எடுக்க முயன்றால் அட்டையும் சேர்ந்து வரும். பென்சிலை அழித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் ரப்பர் ஓடிய இடத்தில் காகிதத்தின் நார் எழுந்துவிடும், சாய்த்துப் பிடித்தால் எழுத்தைவிட அது தெளிவாகத் தெரியும். அழிக்க வேண்டாம். உறையில் போட்டு, பைண்டரின் முதல் பையில் வையுங்கள். அந்தப் பட்டியலில் டிக் விழாமல் இருக்கிற எண்கள்தான் இன்னும் கிடைக்க வேண்டியவை.